சேதி சொல்லாத கண்

"வண்டியை இப்ப எடுக்கச் சொல்லாதீங்க, சின்ன மாமா."

மருமகள் இதைச் சொன்னபோது மருத்துவமனையின் பின்வாசலில் வண்டிக் கதவு பாதி மூடியிருந்தது. உள்ளே அவளுடைய மாமனார் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். முந்தின நாள் மாலை, பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். விடிந்து வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கதவின் கைப்பிடியை விடாமல் சின்ன மாமா திரும்பினார். இறந்தவரின் கூடப் பிறந்த தம்பி.

"ஏன்மா, யாராவது வரணுமா?"

"வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி காலேஜுக்குப் போகணும். மாமா மூளையைக் குடுக்குறதாச் சொல்லியிருந்தாரு."

"எதைக் குடுக்குறதா?"

"மூளையை. ஆராய்ச்சிக்கு. இன்னைக்குள்ள எடுத்தாத்தான் பயன்படும்."

சின்ன மாமா பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். தகரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். எதிரில் நிற்பவரிடம் குசுகுசுத்தாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். இப்போது அவர் குசுகுசுக்கவும் இல்லை.

"உன் படிப்புக்கு எங்க அண்ணன் மண்டைதான் கிடைச்சுதா?"

மருந்துச் சீட்டோடு போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அந்தக் கேள்வி மருமகளுக்குப் புதிதில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் திரையை இழுத்து மூடிய கணத்திலிருந்து அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது. வேறொருவர் வாயிலிருந்து வந்தபோது பொட்டில் அடித்ததுபோல் இருந்தது. அவள் கணவன், மாமனாரின் செருப்பும் கண்ணாடியும் டம்ளரும் போட்ட பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

மாமனார் டவுன் பஸ் ஓட்டியவர். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே பணிமனை. தேவையில்லாமல் ஹார்ன் அடிக்கவே மாட்டார் என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் 'ஊமை ஹார்ன்' என்று பேர் வைத்திருந்தார்கள். "ரோட்ல மிச்சம் பிடிச்ச சத்தத்தையெல்லாம் வீட்டுக்கு வந்து செலவழிக்கிறாரு" என்பது அவர் மனைவியான அத்தையின் நிரந்தரப் புகார். வாய் ஓயாத மனிதர். டிக்கெட் எடுக்காமல் ஏறியவனின் முகபாவத்திலிருந்து மந்திரி சபை வரைக்கும் அவருக்கு எல்லாவற்றிலும் கருத்து உண்டு.

ஓய்வு பெறக் கொஞ்ச காலம் இருக்கும்போது, ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கண்ணாடியில் தன் முகத்தில் பாதியைக் காணோம் என்று கத்தினார். மூளையின் பின்பக்கம், வலது ஓரத்தில், ஒரு ரத்தக் குழாய் அடைத்திருந்தது. கை கால் பேச்சு எதற்கும் பழுதில்லை. ஆனால் எதை நேராகப் பார்த்தாலும் அதற்கு இடப்பக்கம் இருப்பது ஒன்றும் தெரியவில்லை. வலது கண்ணை மூடினாலும் அப்படித்தான், இடது கண்ணை மூடினாலும் அப்படித்தான். ஸ்டியரிங்கை அன்றோடு விட்டார்.

மருமகள் அப்போது ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை அளந்து கொடுக்கும் வேலையில் இருந்தாள். கடை நாற்காலியில் அவரை உட்கார வைத்து அவளே சோதித்தாள். தலையைத் திருப்பித் திருப்பி, கடைசி வரிப் பொடி எழுத்துவரை வாசித்தார். கண் டாக்டரும் பார்த்துவிட்டு, "உங்க கண்ணு கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

"கண்ணு நல்லா இருக்காம்" என்று வெளியே வந்து மாமனார் சொன்னார். "அப்ப யாருதான் நல்லா இல்ல?"

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இடப்பக்கம் தெரியவில்லை என்றவர், வீட்டு நடையில் இடப்பக்கம் கிடந்த ஸ்டூலில் இடிக்காமல் விலகிப் போனார். ஒருமுறை சின்ன மாமா, தெரிகிறதா பார்ப்போம் என்று இடப்பக்கத்திலிருந்து சாவிக்கொத்தை வீசினார். மாமனாரின் தலை தானாக ஒதுங்கியது. சாவி சுவரில் பட்டு விழுந்தது.

"பாத்தீங்களா! எப்படி ஒதுங்கினான்? நடிக்கிறான். உக்காந்து சாப்பிட வழி தேடுறான்."

சொல்லுக்குக் கால் முளைத்துப் பணிமனைவரை போனது. கூட வேலை பார்த்தவர்கள் தெருவில் பார்த்தால் கண் சிமிட்டினார்கள். அத்தைகூட ஒருநாள், "ஸ்டூல் தெரியலன்னா எப்படிச் சுத்திப் போறீங்க? என்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் உன்கிட்ட எப்பப் பொய் சொன்னேன்?" என்றார். அதற்குப் பிறகு பேச்சே குறைந்து போனது. அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை யாரும் கேட்டதில்லை. குழாய் சொட்டுவது முன்னறைவரை கேட்டது.

அந்த அமைதியைப் பொறுக்க முடியாமல்தான் மருமகள் படிக்கப் போனாள். கண் நல்லபடி இருந்தும் ஒருவருக்கு ஏன் தெரியவில்லை, தெரியாததிலிருந்து எப்படி ஒதுங்குகிறார் என்று யாரையெல்லாமோ கேட்டு அலைந்து, பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே ஒரு துறை இருப்பதைக் கண்டுபிடித்தாள்.

"கண் டாக்டருக்கா படிக்கப் போறே?" என்று கணவன் கேட்டான். அவன் ஏசி பழுது பார்ப்பவன்.

"இல்ல. கண்ணுக்குப் பின்னாடி இருக்குறதுக்கு."

முதுகலை முடித்தாள். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். இடம் கிடைத்த அன்றே மாமனார் அவளுக்கு 'ப்ரொபசர்' என்று பட்டம் கொடுத்துவிட்டார். "டீ ஆறுது, ப்ரொபசர்", "தண்ணி மோட்டாரை நிறுத்து, ப்ரொபசர்." பேச்சு கொஞ்சம் திரும்பியது அப்போதுதான்.

சொந்தக்காரர்களைத் தானே சோதிக்கக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் கூடப் படித்த நெட்டைப் பெண் ஒருத்தி அவரைச் சோதித்தாள். மருமகள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். இருட்டு அறை. மோவாயை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு திரையின் நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். இடப்பக்கம் வெளிச்சப் பொட்டுகளின் கூட்டம் ஒன்று மேலேயோ கீழேயோ நகரும். எந்தப் பக்கம் என்று பொத்தானை அமுக்க வேண்டும்.

"ஒண்ணும் தெரியலம்மா."

"தெரியலன்னாலும் பரவாயில்லங்க. சும்மா மனசுக்குத் தோணுறதை அமுக்குங்க."

அவர் தாங்கியிலிருந்து தலையை எடுத்துவிட்டார். "இந்தாம்மா, நான் பஸ் ஓட்டினவன். பாக்காததப் பாத்தேன்னு சொல்லிப் பழகியிருந்தா எத்தனை பேரு செத்திருப்பாங்க தெரியுமா? நீயும் என்னைப் பொய் சொல்லச் சொல்றே?"

நெட்டைப் பெண் பயந்து போனாள். மருமகளின் பேராசிரியை வந்து, இதில் பொய்யும் இல்லை மெய்யும் இல்லை, பூவா தலையா போடுவது மாதிரி என்று விளக்கிச் சொன்ன பிறகு, முணுமுணுத்துக்கொண்டே அமுக்கினார். அரைமணி நேரம் கழித்து வேர்த்து வெளியே வந்து, "எல்லாம் குருட்டாம்போக்கு" என்றார்.

குருட்டாம்போக்கு என்றால் பாதி சரியாக இருந்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட எல்லாமே சரியாக இருந்தன. மறுநாளும் அப்படியே. அடுத்த வாரமும் அப்படியே.

மூளையில் பார்வைக்கு ஒரு பெரிய சாலை மட்டும் இல்லை, சில சந்துகளும் உண்டு. பெரிய சாலை அடைத்துப் போனாலும் சிலருக்குச் சந்து வழியே விஷயம் போய்ச் சேர்கிறது, ஆனால் 'பார்த்தேன்' என்கிற உணர்வுக்கு மட்டும் வந்து சேர்வதில்லை என்று பேராசிரியை அவரிடம் சொன்னாள். அவர் நடிக்கவில்லை. சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அத்தையைக் கூப்பிட்டார்.

"இவளே, என் கண்ணு பாத்துகிட்டுத்தான் இருக்கு. எனக்குத்தான் சேதி வரல."

அதற்குப் பிறகு அவரை நிறுத்த யாராலும் முடியவில்லை. பணிமனைக்குப் போய்ச் சொன்னார், முடிவெட்டுகிற கடையில் சொன்னார், தம்பியின் இரும்புக் கடையில் வாடிக்கையாளர்கள் முன்னால் சொன்னார். வருஷக்கணக்கில் ஆய்வகத்துக்குப் போய் வந்தார். "டியூட்டிக்குக் கிளம்புறேன்" என்று தலை வாரிக்கொள்வார். ஆய்வுக் கட்டுரை வந்தபோது அவர் பேர் போடவில்லை, அதுவும் விதி. 'ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்' என்று மட்டும் இருந்தது. "பேரு எதுக்கு? வேலையப் போட்டிருக்கான்ல" என்றார்.

எந்தச் சந்து அவருக்கு மிச்சம் இருந்தது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. மூளையை ஸ்கேன் எடுத்த படத்தில் அவ்வளவு நுணுக்கமாகத் தெரியாது. மூளையையே பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று பேராசிரியை ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கே சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தார்: "மண்டைல ஒண்ணும் இல்லன்னு என் தம்பி சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டு இருக்கான். எடுத்துப் பாத்து எழுதிக் குடுக்கட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்தாள். அவள் ஆராய்ச்சியின் முதுகெலும்பே அவர்தான் என்பதை நினைத்துக்கொண்டேதான் சிரித்தாள்.

அவர் எழுதிக் கொடுத்திருந்தாலும், இப்போது மனைவி சரி என்று சொல்லாமல் யாரும் தொட மாட்டார்கள்.

அத்தை வண்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி, மரத்தடி சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். சின்ன மாமா போட்ட சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். மருமகள் போய் அவள் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நேரா வீட்டுக்குப் போயிடலாம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அத்தை வண்டியைப் பார்த்தபடி கேட்டாள். "முகம்?"

"முகத்துக்கு ஒண்ணும் ஆகாது. பின்பக்கமா எடுத்துத் தைச்சிடுவாங்க. தலையணை வெச்சா தெரியாது. மத்தியானத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம்."

"அவருக்கு வலிக்குமான்னு கேக்க வந்தேன். பைத்தியம் மாதிரி."

மருமகள் அவள் முழங்காலில் கை வைத்தாள்.

"இது உன் படிப்புக்கு வேணுமா?"

இல்லை, மாமாவின் ஆசை என்பதற்காகத்தான் என்று சொல்லிவிடலாம். சுலபமான பதில். பாதி உண்மையும்கூட.

"வேணும் அத்தை. அவரு ஆசைப்பட்டாரு, அது ஒண்ணு. ஆனா எனக்கும் வேணும். அவருக்குள்ள எது பாத்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும். அதுக்காகத்தான் படிக்கவே போனேன். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

அத்தை முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருமகளின் தோளைப் பிடித்து எழுந்தாள். நேராக வண்டியிடம் நடந்தாள்.

"தம்பி, கதவை விடு."

"அண்ணி, உங்களுக்குப் புரியல. ஊரு என்ன பேசும்? மருமக மாமனாரை அறுத்துப் படிக்கிறான்னு பேசும்."

"ஊரு பேசாததா? நடிக்கிறாருன்னு பேசலையா? நீ பேசலையா? நானே சந்தேகப்பட்டேனே!" அத்தையின் குரல் உயரவில்லை. "நாம எல்லாரும் சேர்ந்து அந்த மனுஷனைப் பொய்யனாக்கினோம். அவரு சொன்னது நெசம்னு நிரூபிச்சுக் குடுத்தது இவ காலேஜ்ல உள்ளவங்கதான். அதுக்கப்புறம்தான் தலை நிமிந்து நடந்தாரு. குடுக்குறேன்னு அவரு வாக்குக் குடுத்திருக்காரு. நான் மாத்துனா, செத்தப்புறம் அவரைப் பொய்யனாக்குனது நானா இருப்பேன்."

சின்ன மாமா மருமகளின் கணவனைப் பார்த்தார். "நீ என்னடா வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கே? உங்கப்பன்தானே?"

கணவன் பையைக் கீழே வைத்தான். "போகலாம் சித்தப்பா" என்றான். "அப்பா சொன்னா சொன்னதுதான். உங்களுக்குத் தெரியாததா?"

சின்ன மாமாவின் கை கைப்பிடியிலிருந்து இறங்கியது. முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். பிறகு முன்பக்கம் போய் ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கிளம்பும்போது அத்தை மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஒண்ணு. நீ கூட இருக்கணும். தெரியாதவங்க கையில மட்டும் விட்டுட்டு வர மாட்டேன்."

கல்லூரிக் கட்டடத்தின் வாசலில் பேராசிரியை நின்றிருந்தாள். நெட்டைப் பெண்ணும் இருந்தாள். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது. வேறு இரண்டு மாணவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுவரோரம் வரிசையாக நின்றார்கள். வண்டியிலிருந்து இறக்கியபோது எல்லோரும் தலை குனிந்தார்கள். சின்ன மாமா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பேராசிரியை அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரர் வந்தா மாடிப்படியிலேயே சத்தம் கேட்கும்மா. லேபே முழிச்சுக்கும். இங்க பாடம் படிக்கிற ஒவ்வொருத்தருக்கும் அவரைத் தெரியும். பேரு தெரியாது, ஆளைத் தெரியும்."

"நிறையப் பேசித் தொந்தரவு பண்ணியிருப்பாரே" என்றாள் அத்தை.

"பண்ணினாரு. எங்களுக்கு பிரேக் போடுறது எப்படின்னுகூடச் சொல்லிக் குடுத்தாரு."

அத்தை சிரித்தாள். சிரித்ததைக் கண்டு தானே திகைத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளறையில் மருமகள் அவர் கால்மாட்டில், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு நின்றாள். அந்த வேலை தெரிந்த மருத்துவர் நிதானமாகச் செய்தார். அவள் எல்லாவற்றையும் பார்க்கவில்லை. அவருடைய பாதங்களைப் பார்த்தாள். கிளட்சு மிதித்து மிதித்து இடது காலின் பெருவிரல் கொஞ்சம் வளைந்திருந்தது. துணியை இழுத்து அதை மூடிவிட்டாள்.

மருத்துவர் கூப்பிட்டபோது போனாள். எஃகுத் தட்டில் இருந்தது. இத்தனை வருஷம் திரையில் சாம்பல் நிறத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தது, இப்போது ஈரமாக, இளஞ்சிவப்பாக, இரண்டு கையிலும் ஏந்த வேண்டிய கனத்தோடு இருந்தது.

"பழைய அடைப்பு எங்கம்மா இருக்கு?" என்றார் மருத்துவர். "குறிச்சுக்கணும்."

அவள் தேடவில்லை. பின்பக்கம், வலது ஓரத்தில், கட்டைவிரல் பதியும் அளவுக்கு உள்வாங்கி மஞ்சளித்திருந்த இடத்தைக் காட்டினாள். தெரிந்த வீட்டின் கதவைக் காட்டுவதுபோல் கை தானாகப் போனது. மருத்துவர் கேட்ட மற்றதற்கெல்லாம் பிசிறில்லாமல் பதில் சொன்னாள். இவ்வளவு தெளிவாக அவள் எந்தக் கருத்தரங்கிலும் பேசியதில்லை.

சொன்னபடி மத்தியானத்துக்குள் வீடு வந்தார்கள். தலையணை வைத்துப் படுக்க வைத்தபோது, தூங்குகிற முகம்தான் இருந்தது. தெருவே வந்தது. பணிமனையிலிருந்து சீருடையோடேயே ஒரு கூட்டம் வந்தது. மருமகள் உள்ளுக்கும் வெளிக்குமாக நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். யாராவது ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்று மனசுக்குள் பதில்களை அடுக்கி வைத்திருந்தாள்.

அவளுக்கு வேலையே இருக்கவில்லை. வாசலில் சின்ன மாமாவின் குரல் தெருக்கோடிவரை போய்க்கொண்டிருந்தது.

"எங்க அண்ணன் மூளை காலேஜ்ல இருக்கு. ஆமா! சும்மா எல்லாரோடதையும் எடுத்துக்க மாட்டாங்க. பாத்துப் பொறுக்கித்தான் எடுப்பாங்க. ப்ரொபசருங்க வாசல்ல வந்து நின்னு தலை குனிஞ்சாங்கன்னா பாத்துக்கோங்க. படிச்சவங்க! எங்க வீட்டு மருமகதான் கூட நின்னு பண்ணுச்சு. அது படிக்கிறதே இதுதான். கண்ணு பாக்குறது வேற, மனுஷன் பாக்குறது வேறய்யா."

யார் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார்கள் என்று அவள் திருத்தியிருக்கலாம். நாற்காலியை விரித்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். பணிமனையில் ஒருகாலத்தில் கண் சிமிட்டியவர்களில் ஒருவர், ஊமை ஹார்ன் காலடியில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சாயங்காலம் எல்லாம் முடிந்தது.

மறுநாள் முற்பகல். வீடு கழுவி ஈரமாக இருந்தது. கணவன் இரவல் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தான். அத்தை மருமகளின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தப் படம் உன்கிட்ட இருக்கா? லேப்ல எடுத்தது."

"எந்தப் படம் அத்தை?"

"அவரோட தலைக்குள்ள இருக்குறது. நான் பாத்ததே இல்ல. அவரு கூப்பிட்டாரு, நான்தான் பயந்துகிட்டு மாட்டேன்னுட்டேன்."

மருமகள் மடிக்கணினியைத் திறந்து படத்தை எடுத்தாள். கறுப்புப் பின்னணியில், வெட்டிய பழம்போல், மடிப்பு மடிப்பாக வெளுத்த உருவம். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒரு புகைப்படத்தைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நெத்தி எந்தப் பக்கம்?"

"மேல."

"இங்க கறுப்பா இருக்கே. ஸ்கிரீன்ல அழுக்கா?"

"இல்ல அத்தை. அதுதான் அடைப்பு வந்த இடம்."

"ஓ" என்றாள் அத்தை. பிறகு கட்டைவிரலை நாக்கு நுனியில் தொட்டு, அந்த இடத்தை மெதுவாகத் துடைத்தாள்.